ஏடுகளை இணைத்து இடைவெளி காணல்

ஓர் ஊரில் குறிப்பிட்ட அகவையில் உள்ள குழந்தைகளுள், அந்த அகவைக்குரிய தடுப்பூசிகளைப் பெற்றுவிட்டோர் நூற்றுக்கு எத்தனை பேர் என்று கூறும் அளவை எட்டளவு என்போம். இஃது ஒரு பின்னம். ஊசி பெற்ற குழந்தைகள் தொகுதியாகவும், பெறத் தகுந்த குழந்தைகள் அனைவரும் பகுதியாகவும் அமைகின்றனர். பார்வைக்கு இதனினும் எளிய கணக்கு இல்லை. ஆயினும், நலவாழ்வுத் துறையில் நெடுங்காலம் உழன்றோரைக் கேட்டால், இப்பின்னத்தின் மேலெண்ணும் கீழெண்ணும் ஒருசேர மெய்யாய் அமைவது அரிது என்பர்.

தனியார் மருத்துவரிடம் ஊசி போட்டுக்கொண்ட குழந்தை அரசு ஏட்டில் ஏறாமற் போனால் தொகுதி குறையும். ஒரே குழந்தை தாயின் ஊரில் ஒருமுறையும் தந்தையின் ஊரில் ஒருமுறையும் பதிவானால் தொகுதி பெருகும். பகுதியின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. இந்தியாவில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இறுதியாக நடந்தது 2011-இல். 2021-இல் நடந்திருக்க வேண்டியது 2027-க்குத் தள்ளிப்போயிற்று. இடைப்பட்ட ஆண்டுகளில் ஐதராபாத் மாநகர் மேற்கே கச்சிபௌலியையும் கடந்து அடுக்குமாடிகளாய் வளர்ந்தது. அம்மாடிகளைக் கட்ட வந்தோர் குழந்தைகளோடு வந்தனர். 2011-இன் எண்ணிலிருந்து கணித்தெடுத்த பகுதி அக்குழந்தைகளை அறியாது. எட்டளவு நூற்றைக் கடந்து நிற்கும் வட்டாரங்கள் இவ்வாறுதான் பிறக்கின்றன. நூற்றுக்கு நூற்றைந்து குழந்தைகள் ஊசி பெற்ற ஊரில் பெறாத குழந்தை எங்கே இருக்கப் போகிறது என்று எண்ணும் அலுவலர், இருந்த இடத்திலிருந்தே ஏட்டை மூடிவிடுவார்.

எட்டளவில் தோன்றும் இடைவெளியை நால்வகைப்படுத்தலாம். ஓர் ஊசியும் பெறாத குழந்தையின் நிலை எட்டாமை. தொடங்கிவிட்டு முடிக்காத நிலை இடைநிற்றல். உரிய நாளில் பெறாமல் திங்கள் பல கழித்துப் பெறுவது காலத்தாழ்ச்சி. ஊசியைப் பெற்றும் ஏட்டில் இடம்பெறாதது பதிவின்மை. முதல் மூன்றும் மெய்யிடைவெளிகள், நான்காவது பொய்யிடைவெளி. இவை நான்கும் ஒரே எண்ணாகத் திரண்டு அறிக்கையில் ஏறும்போது, எதற்கு எந்த மருந்து என்பது மறைந்துபோகிறது. எட்டாமைக்கு வீடுதேடிச் செல்லும் பணியாளர் தேவை. இடைநிற்றலுக்கு நினைவூட்டல் போதும். பொய்யிடைவெளிக்குத் தேவைப்படுவது எழுதுகோல் மட்டுமே.

உலக அளவில் எட்டாமையை, தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், வில்விறைப்பு ஆகிய மூன்றையும் தடுக்கும் முத்தடுப்பு மருந்தின் முதல் ஊசியைக்கூடப் பெறாதோரின் எண்ணிக்கையைக் கொண்டு அளக்கின்றனர். உலக நலவாழ்வு நிறுவனமும் யுனிசெப்பும் கணித்தபடி, இந்தியாவில் இத்தகைய குழந்தைகள் 2023-இல் ஏறத்தாழ 16,00,000. 2024-இல் ஏறத்தாழ 9,00,000. ஓராண்டில் இத்துணைக் குறைவு எளிய செயலன்று. ஆனால் எஞ்சியோர் யாவர், எந்தத் தெருவில் உள்ளனர் என்னும் வினாவுக்கு இவ்வெண் விடை தராது. அவ்விடையைத் தர வேண்டியவை தெருவளவில் எழுதப்படும் ஏடுகள்.

அவ்வேடுகள் பல. நகராட்சியின் பிறப்புப் பதிவேடு ஒன்று. அங்கன்வாடியின் குழந்தைப் பட்டியல் மற்றொன்று. மருத்துவமனையின் நோயாளர் பதிவேடு வேறொன்று. வீடுவீடாகச் சென்று எடுக்கும் மாதிரிக் கணக்கெடுப்பு இன்னொன்று. இவை அனைத்திலும் எனக்கு மிகவும் உகந்தது, துணைச் செவிலியரின் தோளில் தொங்கும் நினைவூட்டுப் பை. திங்களுக்கு ஒன்றாக அறைகள் தைத்த பை அது. குழந்தைக்கு ஊசி போட்டதும் தாய்சேய் நல அட்டையைத் தாயிடம் கொடுத்துவிட்டு, அதன் அடிக்கட்டையைக் கிழித்து, அடுத்த ஊசி எந்தத் திங்களில் வருமோ அந்த அறையில் செவிலியர் செருகிவைப்பார். அத்திங்களின் ஊசிநாளன்று குழந்தை வந்தால் அடிக்கட்டை அடுத்த அறைக்கு நகரும். வாராவிட்டால் அங்கேயே கிடக்கும். திங்கள் முடிவில் அறைக்குள் எஞ்சிக் கிடக்கும் அடிக்கட்டைகளே இடைநின்ற குழந்தைகளின் பட்டியல். கூட்டலும் கழித்தலும் இல்லாமலே துணிப்பை ஒன்று கணக்கை முடித்துவிடுகிறது. கணினிகள் இன்று செய்வது இதே வேலையைத்தான்.

ஆயினும், ஒருமுறையேனும் ஊசிக்கு வந்த குழந்தையை மட்டுமே அப்பை அறியும். வாராத குழந்தைக்கு அடிக்கட்டை இல்லை. பிறப்பேடு பிறந்த ஊரை அறியும், இருக்கும் ஊரை அறியாது. அங்கன்வாடிப் பட்டியல் அங்கன்வாடிக்கு வருவோரை அறியும். மருத்துவமனை ஏடு நோயுற்றோரை மட்டும் அறியும். ஒவ்வோர் ஏடும் தன்னிடம் வந்தோரையே எண்ணுகிறது. தன்னிடம் வாராதோர் எத்தனை பேர் என்பதைத் தானே அறிய அதற்கு வழியில்லை. ஒன்றையொன்று அறியாத இரண்டு ஏடுகளை அருகருகே வைக்கும்போதுதான் ஒவ்வொன்றிலும் உள்ள வெற்றிடம் தென்படுகிறது. இவ்வாறு வைத்துப் பார்க்கும் முறையே தரவிணைப்பு.

இதற்கு ஐதராபாத்தைவிடத் தெளிவான சான்று அரிது. அந்நகரின் நல்லகுண்டாவில், மக்கள் காய்ச்சல் மருத்துவமனை என்றே அழைக்கும் பெரிய அரசு மருத்துவமனை உள்ளது. 1897 ஆகத்து 20 அன்று செக்கந்தராபாத்தில் கொசுவின் வயிற்றில் முறைக்காய்ச்சல் ஒட்டுண்ணியைக் கண்ட ரொனால்டு ராசின் பெயரைத் தாங்கியது அது. இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில், நூல்களில் மட்டுமே எஞ்சியிருக்க வேண்டிய தொண்டை அடைப்பான் நோயோடு குழந்தைகள் ஐதராபாத்தில் மருத்துவமனைகளுக்கு வந்துகொண்டே இருந்தனர். தொண்டையில் சாம்பல் வெண்மைத் தோல் படர்ந்து மூச்சுவழியை அடைக்கும் நோய் அது. அதன் நுண்ணுயிரி கக்கும் நஞ்சு நெஞ்சத்தையும் நரம்பையும் தாக்கும். அதற்கான தடுப்பூசியோ நாட்டில் 1978 முதலே திட்டமாக நடந்துவந்தது.

சென்னையிலுள்ள தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2003 முதல் 2006 வரையிலான காலத்துக்கு இப்புதிரை ஆராய்ந்தனர். முடிவுகள் 2008-இல் வெளிவந்தன. நோயுற்றோரின் விவரம் ஒருபுறம், மக்களிடையே எத்தனை பேர் எத்தனை ஊசி பெற்றனர் என்னும் கணக்கு மறுபுறம், நோயுற்றோரும் நோயுறாதோரும் பெற்ற ஊசிகளின் ஒப்பீடு மூன்றாவதாக, ஒரே மேசையில் வைக்கப்பட்டன. முதற்கண் அகவை பேசிற்று. நோய் மிகுந்திருந்தது கைக்குழந்தைகளிடம் அன்று. 5 முதல் 19 அகவை வரையிலானோரிடம். பெண்பாலரிடமும் இசுலாமியரிடமும் அது கூடுதலாக இருந்தது. அடுத்து ஊசிக்கணக்கு பேசிற்று. நான்கும் அதற்கு மேலும் ஊசி பெற்றோரை மருந்து நன்கு காத்தது. ஆனால் அந்த நான்காவதையும் ஐந்தாவதையும் பெற்றோர் சிலரே.

இவ்விடத்தில் சற்று நின்று எண்ண வேண்டும். முத்தடுப்பு மருந்தின் முதல் மூன்று ஊசிகள் 6, 10, 14 ஆம் வாரங்களில் போடப்படுவன. அவற்றை அடிப்படை ஊசிகள் எனலாம். தொண்டை அடைப்பானுக்கு எதிரான உடலின் ஆற்றல் ஆண்டுகள் செல்லச் செல்லத் தேயும் இயல்பினது. ஆகவே 16 முதல் 24 திங்களுக்குள் ஒருமுறையும், 5 முதல் 6 அகவைக்குள் மறுமுறையும் அதனைத் தூண்டிவிட வேண்டும். அவ்வூசிகளை ஊக்கூசிகள் என்போம். முழுமையாக ஊசி பெற்ற குழந்தை என்று அறிக்கைகள் கூறுவது, பெரும்பாலும் ஓராண்டு நிரம்பிய குழந்தையின் அடிப்படை ஊசிகள், தட்டம்மை ஊசி முதலியவற்றைக் கொண்டே. 2019–21-இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வு, தெலங்கானாவில் 12 முதல் 23 திங்கள் அகவைக் குழந்தைகளுள் 79 விழுக்காட்டினர் முழுமை பெற்றனர் என்றது. நாட்டளவில் அது 76 விழுக்காடு. மெச்சத்தக்க முன்னேற்றம்தான். ஆனால் ஐந்தாம் அகவையில் தவறிய ஊசி அந்த எண்ணுக்குள் வாராது. எட்டளவை அளப்போர் இரண்டாம் அகவையோடு கண்ணை எடுத்துக்கொள்ள, நோயோ ஐந்தாம் அகவைக்குப் பின்னர் நுழைந்தது. நோயேட்டின் அகவைக் கட்டத்தை ஊசியேட்டின் அகவைக் கட்டத்தோடு பொருத்தியபோதே இது புலப்பட்டது.

இடைவெளி எந்தக் குமுகத்தில் மிகுந்திருந்தது என்று கணக்குச் சொன்னதைப் படிப்போர் அதைப் பழியாகப் படித்தல் கூடாது. எந்தக் கதவு இன்னும் தட்டப்படவில்லை என்பதை மட்டுமே அக்கணக்கு கூறுகிறது. தட்டாத கதவுக்குப் பொறுப்பு, தட்ட வேண்டியவருடையது.

இனி, இரண்டு ஏடுகளை இணைத்தல் என்பது எவ்வாறு நடைபெறுகிறது என்பதைக் காண்போம். எல்லா ஏடுகளிலும் ஒரே அடையாள எண் இருந்தால், எண்ணும் எண்ணும் ஒத்ததும் வேலை முடிந்தது. இதனை உறுதிப் பொருத்தம் எனலாம். அவ்வெண் இல்லாதவிடத்து, பெயர், பிறந்தநாள், பாலினம், தாயின் பெயர், கைப்பேசி எண், முகவரி ஆகியவற்றைத் தனித்தனியே ஒப்பிட்டு, இருவரும் ஒருவரே என்பதற்கான வாய்ப்பைக் கணிப்பது நிகழ்தகவுப் பொருத்தம். ஒருவரின் வாழ்வில் சிதறிக் கிடக்கும் பதிவுகளை ஒன்றாய்க் கோக்கும் எண்ணத்தை அமெரிக்கரான ஆல்பர்ட்டு டன் 1946-இல் முன்வைத்தார். அதற்குரிய கணிதத்தை 1969-இல் பெல்லேகி, சுண்டர் என்னும் இருவர் வகுத்தனர். அக்கணிதத்தின் உயிர்நாடி ஒரே கருத்துதான்: அரிய ஒற்றுமைக்கு மிகுந்த எடை, பொது ஒற்றுமைக்குக் குறைந்த எடை. ஐதராபாத்தின் பழைய நகர்ப்பகுதியில் இரு தாயர்க்குப் பாத்திமா என்னும் பெயர் அமைவது எதையும் மெய்ப்பிக்காது. இருவரின் குழந்தைகளும் ஒரே நாளில் பிறந்திருப்பது ஓரளவு மெய்ப்பிக்கும். கைப்பேசி எண்ணும் ஒன்றாக இருந்தால் ஐயம் பெரும்பாலும் தீரும்.

ஐதராபாத்தில் இப்பொருத்தம் எளிதன்று. தெலுங்கர் குடிப்பெயரை முன்னே வைப்பர். அதை முதற்பெயராக ஏற்றிவிடும் பணியாளரும் உண்டு. சேக்கு என்னும் பெயரை உரோமன் எழுத்தில் மூன்று நான்கு வகையாக எழுதுகின்றனர். முகம்மதுவை முழுதாக எழுதுவோரும் ஈரெழுத்தில் சுருக்குவோரும் ஒரே அலுவலகத்தில் இருப்பர். பிறந்த குழந்தைக்கோ பெயரே இல்லை. மகப்பேற்று மனையின் ஏட்டில் அது இன்னாளின் ஆண்மகவு, இன்னாளின் பெண்மகவு. முதல் ஊசிக்கு வரும்போது வீட்டில் கூப்பிடும் பெயர். அங்கன்வாடியில் சேரும்போது மூன்றாவதாக ஒரு பெயர். பேற்றின்போது தாய்வீட்டு எண்ணைக் கொடுத்த தாய், பின்னர் கணவரின் எண்ணைக் கொடுப்பார். ஆதலின் ஒரு குழந்தை ஏட்டில் இரண்டாகவும், இரு குழந்தைகள் ஒன்றாகவும் ஆதல் இயல்பே.

இவ்விரு பிழைகளும் நிகரானவை அல்ல. ஒரே குழந்தையை இரண்டெனக் கொண்டால், முன்பே ஊசி பெற்ற குழந்தையின் வீட்டுக்குப் பணியாளர் ஒருமுறை வீணே நடப்பார். இரு குழந்தைகளை ஒன்றெனக் கொண்டால், ஊசி பெறாத குழந்தை பெற்ற குழந்தைக்குள் மறைந்துவிடும். அதனைத் தேடி எவரும் செல்லார். ஐயம் நீங்காதபோது பிரித்தே வைத்தல் நன்று என்பதே என் துணிபு. வீண்நடை ஈடு செய்யக்கூடிய இழப்பு.

எந்த ஏட்டிலும் இல்லாத குழந்தைகளை எண்ணுவதற்கும் ஒரு வழி உண்டு என்பது பலர்க்கு வியப்பளிக்கலாம். அவ்வழியைச் செம்மைப்படுத்திய ஆய்வுக்கட்டுரை நம் நாட்டுத் தரவினின்று எழுந்தது. கல்கத்தாவை அடுத்த சிங்கூர் நலவாழ்வு மையப் பகுதியின் பிறப்பு இறப்புப் பதிவுகளையும், வீடுவீடாக எடுத்த கணக்கையும் ஒப்பிட்டு, சந்திரசேகரன் என்னும் இந்திய மக்கள்தொகையியலாரும் எட்வர்ட்சு தெமிங்கு என்னும் அமெரிக்கப் புள்ளியியலாரும் 1949-இல் அதனை வெளியிட்டனர். எடுத்துக்காட்டாக, ஒரு வட்டாரத்தில் பிறப்பேட்டில் 900 குழந்தைகள், அங்கன்வாடிப் பட்டியலில் 800 குழந்தைகள், இரண்டிலும் உள்ளோர் 720 எனக் கொள்வோம். அங்கன்வாடிக் குழந்தைகள் 800 பேருள் 720 பேரைப் பிறப்பேடு அறிந்துள்ளது. அதாவது பத்தில் ஒன்பது பேரை. எல்லாக் குழந்தைகளுள்ளும் பத்தில் ஒன்பது பேரையே அது அறியும் எனின், அது கண்ட 900 பேர் மொத்தத்தில் பத்தில் ஒன்பது பங்கு, மொத்தம் 1,000. இரண்டு ஏடுகளையும் சேர்த்தால் கிடைக்கும் வெவ்வேறு குழந்தைகள் 980 பேர். ஆகவே எவர் கண்ணிலும் படாதோர் 20 பேர். அவர்களின் பெயர் தெரியாது, முகம் தெரியாது. எண் மட்டும் தெரிகிறது. இவ்வெண் இன்றி எட்டளவின் பகுதி ஒருநாளும் மெய்யாகாது.

ஆனால் இக்கணக்கு இரண்டு கட்டளைகளுக்கு உட்பட்டது. முதலாவது, பொருத்தம் பிழையற்றதாக இருத்தல். மேற்சொன்ன 720 பேருள் 80 பேரைப் பெயர் வேறுபாட்டால் பொருத்தத் தவறி 640 எனக் கொண்டால், மொத்தம் 1,125 ஆகிவிடும். இல்லாத 125 குழந்தைகள் எழுத்துப் பிழையிலிருந்து பிறந்துவிடுவர். இரண்டாவது, ஏடுகள் ஒன்றையொன்று சாராதிருத்தல். இதுவே கடினம். ஒடிசாவின் பலாங்கீர்ப் பக்கத்திலிருந்து மழைக்காலம் கழிந்தபின் ஐதராபாத்தைச் சூழ்ந்த செங்கற்சூளைகளுக்கு வரும் குடும்பங்களின் குழந்தை, தெலங்கானாவின் பிறப்பேட்டிலும் இல்லை; அங்கன்வாடிப் பட்டியலிலும் இருப்பதரிது. ஓர் ஏட்டிலிருந்து விலக்கிய அதே நிலையே மற்றோர் ஏட்டிலிருந்தும் விலக்குகிறது. அப்போது கணக்கு காட்டும் எண், உள்ளதைவிடச் சிறியதாகவே இருக்கும். ஆதலின், பெயரே கேளாத ஒரு சான்று வேண்டப்படுகிறது.

அத்தகைய சான்று ஐதராபாத்திற் கிடைத்தது, அது கழிவுநீர். போலியோத் தீநுண்மி குடலில் வாழ்ந்து மலத்தோடு வெளியேறுவது. ஏட்டில் உள்ள குழந்தையும் இல்லாத குழந்தையும் ஒரே சாக்கடைக்குத்தான் அதனை அனுப்புகின்றன. இந்தியாவில் முதற்கண் 2001-இல் மும்பையில் தொடங்கிய கழிவுநீர்க் கண்காணிப்பு பின்னர்ப் பிற நகர்களுக்கும் பரவிற்று. 2011 சனவரிக்குப் பின் நாட்டில் இயற்கைப் போலியோத் தீநுண்மியால் எந்தக் குழந்தையும் முடங்கவில்லை; 2014 மார்ச்சில் போலியோ அற்ற வட்டாரம் என்னும் சான்றும் கிட்டியது. 2016 ஏப்பிரல் 25 அன்று, இரண்டாம் வகைத் தீநுண்மியைக் கொண்ட பழைய சொட்டு மருந்தை நாடு முழுதும் விலக்கினர். அதற்கடுத்த திங்களான மேயில், மூசி ஆற்றங்கரையை ஒட்டிய அம்பர்பேட்டைக் கழிவுநீர்த் தூய்மிப்பு நிலையத்தில் எடுத்த மாதிரியில், மருந்திலிருந்து திரிந்த இரண்டாம் வகைத் தீநுண்மி தென்பட்டது.

சொட்டு மருந்தில் இருப்பது வலுக்குன்றிய உயிருள்ள தீநுண்மி. எட்டளவு குறைந்த மக்களிடையே அது ஆளுக்கு ஆள் தாவி நெடுநாள் உலவ நேர்ந்தால், திரிந்து மீண்டும் வலுப்பெறக் கூடும். ஆகவே திரிந்த தீநுண்மி தென்பட்டவிடத்தில் எட்டளவை ஐயுற வேண்டும். குழந்தை எதுவும் முடங்கவில்லை. எனினும் அரசு காத்திருக்கவில்லை. அதே ஆண்டு சூன் 20 தொடங்கி ஒரு வாரத்தில், ஐதராபாத், இரங்காரெட்டி மாவட்டங்களின் இடர்மிகு பகுதிகளில் 3,00,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குச் செயலிழந்த தீநுண்மியால் ஆன போலியோ ஊசி போடப்பட்டது. உலகெங்கும் அம்மருந்துக்குத் தட்டுப்பாடு நிலவிய நேரம். ஆதலின் முழு அளவான 0.5 மில்லிலிட்டருக்கு ஈடாக அதில் ஐந்தில் ஒரு பங்கைத் தோலுக்குள் செலுத்தினர்.

எந்தத் தெருக்களுக்குச் செல்வது என்று அவர்கள் தேர்ந்தது எவ்வாறு? கழிவுநீர் வீட்டைக் காட்டாது; எந்தெந்தக் கால்வாய்கள் அந்நிலையத்தில் வந்து கலக்கின்றனவோ அந்தப் பரப்பை மட்டும் காட்டும். அப்பரப்புக்குள் இடர்மிகு பகுதிகள் எவை என்பதைக் காட்டக் கூடியன, போலியோ ஒழிப்புக் காலத்தில் ஆண்டாண்டாக எழுதிச் சேர்த்த பட்டியல்கள்: நெருங்கிய குடியிருப்புகள், கட்டுமானக் களங்கள், செங்கற்சூளைகள், நாடோடிகளின் பாசறைகள். ஒன்று நோய்க்கிருமியின் நிலப்படம், மற்றொன்று மனிதர் வாழும் நிலப்படம். ஒன்றன்மேல் ஒன்றை வைத்தால் இரண்டும் படியுமிடமே செல்ல வேண்டிய தெரு.

இன்று இவ்விணைப்புக்குப் புதிய கருவி வந்துள்ளது. 2023 சனவரியில் முன்னோட்டமாகத் தொடங்கி 2024-இல் நாடெங்கும் விரிந்த யூ-வின் என்னும் தளம், கருவுற்ற தாயையும் பிறந்த குழந்தையையும் பெயரோடு பதிந்து, எந்த மாநிலத்தில் ஊசி போட்டாலும் ஒரே கணக்கில் ஏற்றுகிறது. பலாங்கீரில் பிறந்து ஐதராபாத்தில் ஊசி பெறும் குழந்தைக்கு இது பெருந்துணை. தனியார் மருத்துவரும் தவறாது பதிந்தால் பொய்யிடைவெளி பெரும்பாலும் மறையும். எனினும் பதிவானோரை மட்டுமே அறிதல் என்னும் பழைய இயல்பிலிருந்து எத்தளமும் தப்ப முடியாது. ஆகவே மருத்துவமனை ஏட்டையும் கழிவுநீரையும் மாதிரிக் கணக்கெடுப்பையும் கைவிடுதல் தகாது. ஒரே பெருந்தளம் போதும் என்று கூறும் குரல்கள் எழும். அவற்றுக்குச் செவிகொடுத்தல் பிழை.

தனியுரிமை பற்றியும் ஒரு சொல். இணைக்கும்போது பெயரையும் எண்ணையும் மீட்டறிய இயலாக் குறியீடாக மாற்றி ஒப்பிடும் முறை உண்டு. ஊசி போடச் செல்லும் பணியாளர் ஒருவரைத் தவிர வேறெவர்க்கும் பெயர் தேவையில்லை. 2023-இல் இயற்றிய தரவுக் காப்புச் சட்டம் இதனை வற்புறுத்தப் போதுமானதா என்பது தனிக் கட்டுரைக்குரிய வினா.

ஐதராபாத்தின் புறநகரில் மரபணுப் பள்ளத்தாக்கு எனப் பெயர்பெற்ற பகுதியில் செய்யும் தடுப்பு மருந்துகள் பல நாடுகளுக்குச் செல்கின்றன. 1953-இல் தோன்றிய பயோலாசிக்கல் ஈ நிறுவனமும், வயிற்றுப்போக்கைத் தடுக்கும் உரோட்டா மருந்தை ஆக்கிய பாரத் பயோடெக்கும் அந்நகரினவே. மருந்து செய்யுமிடமும் மருந்து எட்டாத தெருவும் ஒரே நகரில் இருக்கக் கூடும் என்பதையே 2003–06-இன் ஏடுகளும் 2016-இன் கழிவுநீரும் காட்டின. குறை மருந்தில் இல்லை, கணக்கில்.

இதனைப் படிப்போர் வீட்டில் பள்ளிக்குப் போகும் குழந்தை இருக்குமாயின், தாய்சேய் நல அட்டையை எடுத்துப் பாருங்கள். 16 முதல் 24 திங்களுக்குரிய கட்டத்திலும் 5 முதல் 6 அகவைக்குரிய கட்டத்திலும் முத்தடுப்பு ஊக்கூசியின் நாள் எழுதப்பட்டுள்ளதா என்று காணுங்கள். அதன்பின் 10 ஆம் அகவையிலும் 16 ஆம் அகவையிலும் தொண்டை அடைப்பானுக்கும் வில்விறைப்புக்கும் சேர்ந்த ஊசி ஒன்று உண்டு. இவை யாவும் அரசு நலவாழ்வு நிலையங்களில் கட்டணமின்றிப் போடப்படுகின்றன.